நன்றி என்று நான் சொல்லிக்கொடுத்த இத்தாலியச் சொல்

போன வாரம் மில்லிலிருந்து மாரியப்பன் போன் செய்தான். என் கீழே ஃபிட்டராக இருந்தவன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக உட்கார்ந்திருக்கிறான்.

"அண்ணாச்சி, இத்தாலி பாஷையில 'க்ரேப்பி'ன்னா நன்றிதான?"

"யாருலே சொன்னது?"

"நம்ம ஸ்பின்னிங் மாஸ்டருதான் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாரு. புதுசா ஒரு இத்தாலிக்காரன் வந்திருக்கான். காலையில அவன் கையாலயே எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தான். நானும் மரியாதையா எந்திரிச்சு நின்னு 'க்ரேப்பி'ன்னேன். ஆளு மூஞ்சி செத்துப்போச்சு அண்ணாச்சி. விடுவிடுன்னு வெளிய போயிட்டான். மத்தியானம் வரைக்கும் ஒரு பேச்சு இல்ல."

நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? அந்தச் சொல்லுக்கு நன்றி என்று பொருள் சொன்னவன் நான்தான். மாஸ்டர் ஒருவருக்காக மட்டும் அளவெடுத்துத் தைத்த பொருள் அது. அதை அவர் வகுப்பெடுத்து ஊருக்கெல்லாம் உடுத்திவிடுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மில்லில் இப்போது இத்தாலி மொழி வகுப்பு நடக்கிறதாம். இயந்திரங்கள் அங்கிருந்து வருகின்றன, ஆகவே இளைஞர்கள் மொழி கற்க வேண்டும் என்று உத்தரவு. ஆளுக்கொரு செல்போனில் செயலி. மாரியப்பன் என்னிடம் காட்டினான். முதல் பாடம், பூனை பால் குடிக்கிறது. இரண்டாம் பாடம், என் மாமா சிவப்பு ஆப்பிள் தின்கிறார். பெல்ட் அறுந்து டிரம் நின்று கிடக்கும்போது எந்த மாமா ஆப்பிள் தின்பார்? நாற்பது வருஷம் அந்த மில்லில் கிடந்தேன். ஒரு பூனையைப் பற்றியும் எந்த இத்தாலிக்காரனும் என்னிடம் பேசியதில்லை.

நான் கற்றது வேறு பள்ளிக்கூடம். ஐ.டி.ஐ. முடித்து ராஜபாளையத்தில் அந்த நூற்பாலையில் சேர்ந்தேன். மில்லின் பெயர் வேண்டாம். அந்த கேட்டில் இன்னும் எனக்கு வணக்கம் வைக்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்வானேன். முதல் சில வருஷங்கள் எண்ணெய் விட்டேன், கிரீஸ் தடவினேன், திட்டு வாங்கினேன். அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு பியெத்ரோ வந்தார்.

இயந்திரம் விற்ற கம்பெனி, அதைப் பூட்டிக்கொடுக்க அனுப்பிய ஆள் அவர். உத்தரத்தில் இடிக்கும் உயரம். எங்கள் கேன்டீனில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. அவர்கள் ஆளை அண்ணாந்து பார்த்துவிட்டு 'பெத்த ராஜு', அதாவது பெரிய ராஜா, என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசி வரை அதுதான் பெயர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆகவே எங்களுக்குள் எந்தக் குழப்பமும் வரவில்லை. ஸ்பானரைத் தூக்கிக் காட்டி 'கியாவே' என்பார். நூலைப் பிடித்து 'ஃபீலோ'. எண்ணெய் 'ஓலியோ'. திருகு மறை கழன்று சுற்றினால் 'மன்னாஜ்ஜா' என்பார். அது திருகின் பெயர் என்று நான் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு விரலில் சுத்தியல் பட்டபோதும் அதையே சொன்னார், புரிந்துபோயிற்று.

சொற்களைவிட முக்கியம் அவருடைய சட்டதிட்டங்கள். கெஸ்ட் ஹவுஸில் அவர் தொப்பியைக் கட்டில்மேல் வைத்துவிட்டேன். பாம்பைக் கண்டவர் மாதிரி கத்தினார். கட்டிலில் தொப்பி வைத்தால் வீட்டில் சாவு விழுமாம். சாப்பாட்டுக்கு மேல் பால் காப்பி குடிக்கக் கூடாது, வயிறு கெட்டுவிடுமாம். இதை என்னிடம் மூன்று நிமிஷம் கையை ஆட்டி ஆட்டி விளக்கிய மனிதரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். கோபுரத்தை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த பார்வை பால்கோவாக் கடைமேல் விழுந்தது. வயிறு முட்டப் பரோட்டா தின்றபிறகு, நின்ற இடத்தில் கால் கிலோ பால்கோவாவை முடித்தார். "இது பால் இல்லையா?" என்று கேட்டேன். "பொஹ்" என்றார். அவர்கள் ஊரில், 'எவன் கண்டான்' என்பதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு காரியத்துக்குப் புறப்படுகிறவனை 'நல்லதிர்ஷ்டம் உண்டாகட்டும்' என்று வாழ்த்தவே கூடாது. 'புவோனா ஃபோர்த்தூனா' என்று அதற்கு ஒரு சொற்றொடர் இருக்கிறது. ஆனால் விவரம் தெரிந்தவன் அதை வாயில் எடுக்கமாட்டான். எடுத்தால் காரியம் கெட்டது. அதற்குப் பதிலாக, 'ஓநாயின் வாய்க்குள் போ' என்று சொல்ல வேண்டும். கேட்டவன் 'க்ரேப்பி' என்று பதில் சொல்ல வேண்டும். செத்துத் தொலையட்டும் என்று பொருள். அதாவது, அந்த ஓநாய்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? புறப்படுகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிற ஊர்க்காரர்கள் நாம். நான் தலையாட்டிக்கொண்டேன்.

இனி மாஸ்டர். ஸ்பின்னிங் மாஸ்டர் என்றால் நூற்பாலையில் உற்பத்திக்கெல்லாம் தலை. இவர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. துப்புரவு செய்கிறவர் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் ஒரே 'ங்க'. ஓடாத மோட்டாரின் முன் நின்றுகூட "ஏனுங்க ஓட மாட்டேங்கறீங்க" என்று கேட்டவர். ஆரம்பத்தில் நாங்கள் இதில் மயங்கித்தான் போனோம். ஒருவருக்குச் சீட்டுக் கிழியப் போகிறது என்றால் அந்த 'ங்க' இன்னும் கொஞ்சம் குழையும், தோளில் கை விழும், "சாப்டீங்களா" என்று கேட்பார். மாஸ்டர் சாப்பிட்டாயா என்று கேட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, வைண்டிங் செக்ஷனுக்குப் புது இயந்திரம் வாங்கினார்கள். நூற்ற நூலைக் கோன்களில் சுற்றுகிற இடம் அது. அங்கே வேலை முழுக்கப் பெண்கள். நூல் அறுந்தால் கண் இமைப்பதற்குள் இரண்டு நுனியையும் பிடித்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். கான்சாபுரம், மகாராஜபுரம், வ. புதுப்பட்டியிலிருந்து மில் வேனில் வருகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி கான்சாபுரம் ஈசுவரி. எனக்கு நாலைந்து வயசு இளையவள், வாய் மட்டும் எனக்கு மூத்தது.

புது இயந்திரத்துக்கு இடம் வேண்டுமென்று பழைய இயந்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். புதியது தூத்துக்குடித் துறைமுகத்தில் சுணங்கி, வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் போல்ட் முடுக்கலாம், சுவிட்ச் போடக் கூடாது என்றார் மாஸ்டர். அதுவரை பெண்கள் வீட்டில் இருக்க வேண்டும், சம்பளம் கிடையாது. "ஆவணியில மிஷின் ஓடுச்சுன்னா எல்லாருக்கும் வேலைங்க. ஓடலீன்னா ஆர்டர் போயிருங்க, செக்ஷனையே மூடிட்டு வெளிய குடுத்துத்தான் நூல் சுத்தோணும்ங்க" என்று அவர்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். போகும்போது சாப்பிட்டார்களா என்றும் கேட்டார்.

பூட்டிக்கொடுக்க வந்தது அதே பியெத்ரோ. தலை நரைத்திருந்தது, உயரம் குறையவில்லை. முடுக்க வேண்டியதையெல்லாம் முடுக்கிவிட்டு, ஆடி முடியட்டும் என்று கெஸ்ட் ஹவுஸில் கிடந்தார். அவர்கள் நாட்டில் ஆகஸ்டு மாதம் எந்தக் கம்பெனியும் திறந்திருக்காது. ஆகஸ்டு பதினைந்து 'ஃபெர்ரகோஸ்தோ', நாடே கடற்கரையில் கால் நீட்டிக் கிடக்கும் நாள். அந்த மனிதரோ மில்லின் கொடியேற்றத்தில் வெயிலில் நின்று, ஆரஞ்சு மிட்டாய் வாங்கிச் சப்பிக்கொண்டு, என்னைக் கொல்கிற மாதிரி பார்த்தார். ஒரு நாடு ஆடியில் ஆரம்பிக்காது. இன்னொரு நாடு ஆகஸ்டில் அசையாது. நடுவில் நாற்பது பெண்கள் அடுப்பில் என்ன வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாட்டுக்கும் நான் மொழிபெயர்ப்பாளன்!

ஆவணி முதல் தேதி காலையில் சுவிட்ச் போட ஜோசியர் நேரம் குறித்தார். பத்தரைக்கு ராகு காலம், அது முடிந்தால் அஷ்டமி, மறுநாள் நவமி. ஞாயிறன்று பியெத்ரோவுக்கு விமானம். அந்த ஒரு காலையை விட்டால் வேறு நாள் கிடையாது. அந்த நாள் வெள்ளிக்கிழமை, ஆங்கிலத் தேதி பதினேழு.

நமக்குப் பதினேழில் என்ன? ஆனால் இத்தாலியில் பதினேழு என்றால் எண்களுக்குள் அதுதான் எமன். வெள்ளியும் பதினேழும் ஒன்றாக வந்தால் கேட்கவே வேண்டாம். பியெத்ரோ டிரம்களை எண்ணும்போது பதினேழு வந்ததும் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் பதினெட்டுக்குப் போவார். ஆகவே நான் அவரிடம் தேதியே சொல்லவில்லை. "எங்கள் மாதத்தின் முதல் நாள்" என்றேன். முதல் நாளா, நல்லது என்று மகிழ்ந்தார். அதுவும் பொய் இல்லையே.

வியாழன் மாலை மாஸ்டர் கெடுத்தார். மில் வாசலில் ஆளுயரத்துக்கு ஃபிளக்ஸ் பேனர். முதலாளி சிரிக்கிறார், மாஸ்டர் கைகூப்புகிறார், மூலையில் பியெத்ரோவின் பாஸ்போர்ட் படம், அவர் தலைக்கு நேர் மேலே பூசணிக்காய் அளவில் 17. பியெத்ரோ அதைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் சால்வையோடு வந்தார். செயலியில் படித்துவைத்திருந்ததை, ஊழியர்கள் அத்தனை பேர் முன்னிலையில், மைக்கில் சொன்னார்.

"புவோனா ஃபோர்த்தூனாங்க!"

கைதட்டல். பியெத்ரோவின் கை பாய்ந்து பக்கத்திலிருந்த கேட் கம்பியைப் பிடித்தது. சால்வையை என் தோளில் போட்டுவிட்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய ரகசிய எண்ணைத் திரையில் தட்டினால்தான் இயந்திரம் உயிர் பெறும். நாளைக்குத் தட்டமாட்டேன் என்று கதவுக்கு உள்ளிருந்தே சொன்னார்.

"ஏனுங்க, சந்தோஷத்துல பேச்சு வரலீங்களா?" என்று கேட்டார் மாஸ்டர்.

வெள்ளி காலை வேன் வந்தது. சம்பளம் இல்லாவிட்டாலும் பூஜைக்கென்று பெண்கள் தலைநிறையப் பூவோடு இறங்கினார்கள். ஈசுவரியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஆவணி முதல் வெள்ளி கெட்ட நாளா? அவன் ஊர்ல அம்மனே கெடையாதா அண்ணாச்சி?"

"அது மட்டும் இல்ல, ஈசுவரி. மாஸ்டர் நேத்து அவரை வாழ்த்திட்டாரு. அதுலதான் மனுஷன் அரண்டு போயிட்டாரு."

"அரளாம என்ன செய்வாக? அந்த மனுசன் என்னை வாழ்த்துனா எனக்கே குளிர்காய்ச்சல் வரும்." அவள் முகம் சட்டென்று மாறியது. "அண்ணாச்சி, இன்னைக்கு ஓடலைன்னா எங்க கதி? சின்னவளுக்கு நர்சிங்குக்கு இடம் கெடைச்சிருக்கு. இந்த வேலைய நம்பித்தான் சேத்துவிட்டிருக்கேன். எனக்குப் பயமா இருக்கு."

ஈசுவரி பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவள் அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேன்டீனுக்குள் போனாள். கைநிறைய மிளகாய் வற்றலும் கல் உப்புமாக வெளியே வந்தாள்.

"வாங்க. ஆளு எங்க இருக்காரு?"

பியெத்ரோ கதவைத் திறந்தபோது, அவர் இடுப்பு உயரத்துக்கு இவள் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரை நாற்காலியில் கிழக்கே பார்த்து உட்காரவைத்துவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தவரை "இரும்யா செத்த நேரம்" என்று ஒரு அதட்டு. மிளகாயும் உப்பும் மூடிய கையால் சுற்ற ஆரம்பித்தாள். "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு, மாஸ்டர் கண்ணு..." கடைசிக் கண் அவள் சொந்தச் சரக்கு. மூன்று தடவை துப்பச் சொன்னாள், துப்பினார். கெஸ்ட் ஹவுஸ் அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டாள். அவ்வளவு மிளகாய் எரிந்தும் ஒரு கமறல் இல்லை.

"பாத்தீகளா? கமறவே இல்ல. எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு!"

நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. "மலோக்கியோ" என்றார் பியெத்ரோ மெதுவாக. கண்ணேறுக்கு அவர்கள் சொல். தட்டில் தண்ணீர் வைத்து, அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தன் தாய் இதைக் கழிப்பாள் என்று சொன்னார். தாய் இறந்தபிறகு தனக்கு யாரும் கழித்ததில்லை என்றார். அந்த ஆறடி மனிதரின் கண் கலங்கிவிட்டது. மிளகாய்ப் புகை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

ஈசுவரி என்ன சொல்லிச் சுற்றினாள் என்று கேட்டார். சொன்னேன். நரிக்கண் என்றதும் உற்சாகமாகிவிட்டார். தங்கள் ஊரிலும் ஓநாய் உண்டு என்று, அந்த வாழ்த்தையும் அதற்கான பதிலையும் அவளுக்கே சொல்லிக்கொடுத்தார். அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"க்ரேப்பி. செத்துத் தொலையட்டும்னா அர்த்தம்? நல்ல பாஷையாத்தான் இருக்கு, அண்ணாச்சி. இத ஏன் இம்புட்டு நாளாச் சொல்லித் தரல?"

ராகு காலத்துக்கு முன்னாலேயே பியெத்ரோ தொப்பியை மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன் நின்றார். ஒரு கை இரும்பைப் பிடித்திருந்தது, மறு கை எண்ணைத் தட்டியது. டிரம்கள் சுழன்றன. பெண்கள் குலவை போட்டார்கள். மாஸ்டர் வாசலில் பூசணிக்காய் உடைத்தார். நான் ஈசுவரியைப் பார்த்தேன். அவள் குலவை போடவில்லை. ஒரு நூல் அறுந்தது. அவள் கை தன்னையறியாமல் நீண்டது. அதற்குள் ஒரு உலோகக் கை வந்து இரண்டு நுனியையும் உறிஞ்சிப் பிடித்து, காற்றாலேயே ஒட்டிவிட்டுப் போயிற்று.

"முடிச்ச அதுவே போட்டுக்கிடுதே, அண்ணாச்சி" என்றாள். "அப்போ நாங்க?"

எனக்குத் தெரியும். அவளுக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

ஞாயிறு பியெத்ரோ விமானம் ஏறினார். திங்கள் காலை வேன் வந்தபோது மாஸ்டர் கேட்டிலேயே நின்றார். ஒவ்வொருவரிடமும், சாப்பிட்டார்களா என்று கேட்டார்.

"மிஷின் அருமையா ஓடுதுங்க. உங்க புண்ணியம்தானுங்க. இனி உங்களுக்குச் சிரமமே இல்லீங்க." திரையில் வரும் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆறு சின்னப் பெண்களை உள்ளே அனுப்பினார். மிச்சப் பேரை அதே வேனில் ஏறச் சொன்னார்.

"அன்னைக்கு எல்லாருக்கும் வேலைன்னீகளே?" என்றாள் ஈசுவரி.

"உங்க கை ரொம்ப நல்ல கைங்க. ஆனா மிஷினுக்குக் கை தேவைப்படலீங்களே. உங்க திறமைக்கு எங்க போனாலும் நல்லா இருப்பீங்க." பிறகு, தன் புதுப் படிப்பை எங்கேயாவது காட்டியாக வேண்டுமே, கைகூப்பிச் சொன்னார். "புவோனா ஃபோர்த்தூனாங்க."

ஈசுவரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டு, பியெத்ரோ சொல்லிக்கொடுத்தபடியே சுத்தமாகச் சொன்னாள்.

"க்ரேப்பி."

வேனில் ஏறிவிட்டாள். மாஸ்டருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. "அட, இந்தம்மாவுக்கும் இத்தாலி தெரியுதுங்களே! என்னங்க அர்த்தம்?" என்று என்னிடம் திரும்பினார்.

மொழிபெயர்ப்பாளன் கடமை தவறக் கூடாது அல்லவா.

"நன்றின்னு சொல்லுதா, சார்."

அவர் அதைச் செல்போனில் குறித்துக்கொண்டார். என் ஓய்வு விழாவில் மாலை போட்டு, என்னையும் அதே சொற்களால் வாழ்த்தினார். நானும் எழுந்து நின்று, ஈசுவரி சொன்ன அதே நன்றியைச் சொன்னேன். பலத்த கைதட்டல். ஈசுவரி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில், கொதிக்கும் சட்டியின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறாள். மில்லில் வாங்கியதில் பாதிச் சம்பளம். சின்னவளின் படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோயிற்று.

இவ்வளவையும் மாரியப்பனிடம் சொல்லி முடித்தபோது என் போன் சூடேறிப்போயிருந்தது.

"இப்ப நான் என்ன செய்ய, அண்ணாச்சி?"

"அந்த இத்தாலிக்காரர்கிட்டப் போயி மன்னிப்புக் கேளு. கால் கிலோ பால்கோவா வாங்கிட்டுப் போ. ஈசுவரி நிக்குத கடையில வாங்கு."

"சரி. மாஸ்டர்கிட்ட? அர்த்தம் தப்புன்னு சொல்லிரவா?"

"ஏலே, அவருகிட்ட எதுக்குடா சொல்லுத? அவருக்கு அதுதான் சரியான அர்த்தம். தெனமும் காலையில அவரைப் பாத்ததும் மரியாதையா எந்திரிச்சு நின்னு சொல்லு."